எதிரே வந்த குரல்

"மன்னி உள்ள போயாச்சா?"

நிலைப்படிக்கு மேலே வலது காலைத் தூக்கி வைத்தபடி சந்திரமௌலி கேட்டார். கால் அந்தரத்தில் நின்றது. ஒரு கையில் பழத்தட்டு, மறு கையில் மகள் ஜ்யோத்ஸ்னாவின் ஜாதகம். நொய்டாவில் ஒரு பையன் வீட்டில் வரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு ராகு காலம் பிடித்துவிடும். மணி எட்டு ஐம்பத்தாறு.

"போயாச்சுன்னா" என்றாள் மனைவி காமாக்ஷி.

"தாழ்ப்பாள் சத்தம் கேக்கலையே?"

குளியலறைப் பக்கம் தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுந்தது. கால் இறங்கியது. லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குடியிருப்பின் படிக்கட்டில் சந்திரமௌலி மாப்பிள்ளை தேடப் புறப்பட்டுப் போனார்.

மரியாதையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அண்ணன் ஜெயராம் காலமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அண்ணியை ஒரு தடவைகூட 'நீ' என்றதில்லை. "மன்னி, கொஞ்சம் தயவு பண்ணி உள்ள போறேளா?" என்றுதான் கேட்பார். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வரக்கூடாது, அவ்வளவுதான். இதற்கு அவரிடம் ஆதாரங்கள் இருந்தன. அமைச்சகத்தில் ஒருமுறை ஆறு பேருக்குப் பதவி உயர்வு வந்தது. பட்டியலில் ஏழாவது பெயர் அவருடையது. அன்று காலை மன்னி பால் பாக்கெட்டோடு படியேறி எதிரே வந்ததுதான் காரணம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கோப்பில் கையெழுத்துப் போட்ட செயலருக்குத்தான் கடைசிவரை தெரியாது. அதன் பிறகு ஸ்கூட்டர் டயர் பஞ்சரானது, டில்லிக்கு மழை பதினைந்து நாள் தாமதமாக வந்தது, எதிர்வீட்டு பஞ்சாபிக்காரர் ஓய்வு பெற்றது எல்லாம் அந்தப் பால் பாக்கெட் கணக்கில்தான் சேர்ந்தன.

பன்னிரண்டு வருஷத்தில் மன்னி காந்திமதி இப்படிக் குளியலறையில் கழித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், டில்லியிலிருந்து சென்னைக்குப் பதினோரு தடவை ரயிலில் போய் வந்திருக்கலாம். அதுவும் கழிப்பறைப் பக்கத்து பெர்த்தில்.

ஆனால் சமீபத்தில் அவளுக்கு இந்தச் சிறைவாசம் போதவில்லை. எப்போது யாராவது நல்ல காரியத்துக்குப் புறப்படுவார்கள் என்று காத்திருக்க ஆரம்பித்திருந்தாள்.

இதோ, தாழ்ப்பாளைப் போட்ட கையோடு பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். பென்சிலால் ஒற்றைக் கோடு போட்ட இடத்தில் சிறு மூச்சு, இரட்டைக் கோட்டில் முழு மூச்சு. நிமிர்ந்து கீசரைப் பார்த்தாள். கீசரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தால் நேரலை.

"வணக்கம். செய்திகள். வாசிப்பது காந்திமதி" என்று ஷாம்பூ பாட்டிலிடம் சொன்னாள்.

ஷாம்பூ பாட்டிலுக்கும் காரணம் இருந்தது. "ஊருக்கே படிக்காதீங்க ஆன்ட்டி. ஒரே ஒரு ஆள் எதிர்ல உக்காந்திருக்கான்னு நெனச்சு, அந்த ஆளுகிட்ட சொல்லுங்க" என்று ஷ்வேதா சொல்லியிருந்தாள். பேச்சைக் காது கொடுத்துக் கேட்க அந்த வீட்டில் பாட்டிலை விட்டால் வேறு ஆள் அகப்படவில்லை.

ஷ்வேதா அவளுடைய வாத்தியார். வயது இருபத்தாறு. முனிர்காவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில், மேலே மோமோ கடையும் அதற்கு மேலே மாணவர் அறைகளுமாக இருந்த இடத்தில், 'யமுனைத் தமிழ் ஒலி' என்று ஒரு சின்ன வானொலி நடந்தது. கைபேசியில் கேட்கலாம். செய்தி வாசிப்புக்கு ஆறு வாரப் பயிற்சி என்று வந்த அறிவிப்பை ஜ்யோத்ஸ்னாதான் பெரியம்மாவின் கைபேசிக்குத் தள்ளிவிட்டாள். ஷ்வேதா டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆனால் குரல் எங்கே தொண்டையில் மாட்டிக்கொள்கிறது, எங்கே வயிற்றிலிருந்து வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் காந்திமதியின் சக மாணவர்கள் ஏழு பேருக்கும் அவளுடைய இந்தித் திட்டு விழுந்தால்தான் பாடம் ஏறியது.

முதல் நாளே காந்திமதிக்கும் திட்டு விழுந்தது.

"அரே ஆன்ட்டி! மைக்கைப் பார்த்து ஏன் ஒதுங்கி ஒதுங்கிப் போறீங்க? ஒரு சாண் தூரத்துல இருக்கணும். நீங்க முழம் முழமா பின்னாடி போறீங்க."

"பழக்கம்மா."

"என்ன பழக்கம்?"

காந்திமதி சொன்னாள். மாடிப்படியில் யாராவது இறங்கினால் சுவரோரம் ஒதுங்குவது, பூக்காரி வந்தால் ஒதுங்குவது, கல்யாணப் பத்திரிகையோடு யாராவது வந்தால் சமையலறைக்குள் ஒதுங்குவது. ஷ்வேதா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு எழுந்து போய், நாற்காலியை மேஜையோடு இழுத்து நிறுத்தி, பின்கால்களை ஒட்டி ஒரு செங்கல்லை வைத்தாள்.

"இப்ப எங்க போவீங்க, பாக்கறேன்."

ஆறு வாரமும் காந்திமதி மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பி ஐந்துக்குத் திரும்பினாள். வீட்டில் மலை மந்திருக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அந்தக் கோயில் நடை மத்தியானம் சாத்தியிருக்கும் என்பது டில்லித் தமிழர் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் ஒரு விதவை எந்த நேரத்துக்குக் கோயிலுக்குப் போகிறாள் என்று யாரும் யோசிப்பதில்லையாகையால் விஷயம் வெளிவரவில்லை.

பயிற்சி முடிவில் ஆளுக்கு ஒருநாள் காலை ஏழு மணிச் செய்தியை நேரலையில் வாசிக்க வேண்டும். எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் அந்த நாற்காலி. காந்திமதிக்கு அது வேண்டும். கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவள் 'எனக்கு வேண்டும்' என்று மனசுக்குள்கூடச் சொல்லிக்கொண்ட முதல் பொருள் அதுதான். ஆனால் காலை ஏழு மணி என்றால் இரண்டாவது டிகாக்‌ஷன், மூன்று டிபன் டப்பா, சந்திரமௌலிக்கு வெந்நீர். கோயில் என்று சொன்னால்கூட நடக்காது.

வழியைச் சந்திரமௌலியே திறந்துவிட்டார்.

மகன் அர்விந்துக்கு ஐ.ஏ.எஸ். நேர்முகத் தேர்வு ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை வந்தது. ஷாஜஹான் ரோடில் ஒன்பது மணிக்கு ஆஜராக வேண்டும். முந்தைய நாள் சாயங்காலம் சந்திரமௌலி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மன்னி, தப்பா நினைச்சுக்கப்படாது. கொழந்தையோட வாழ்க்கை. குளியலறைன்னா கூட, அவன் குளிச்சாகணுமோல்லியோ? அதனால நாளைக்குக் கார்த்தால ஒரு அஞ்சரைக்கே நீங்க எங்கயாவது..."

"எங்கயாவதுன்னா?"

"கோயிலுக்கு. ஒம்பது மணிக்கு மேல வந்தாப் போறும். குளிருக்கு என்னோட மப்ளரை எடுத்துண்டு போங்கோ."

"சரி" என்றாள் காந்திமதி. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு அன்றைக்கு வயிற்றிலிருந்து மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. அறைக்குப் போய் ஷ்வேதாவுக்குக் குரல்செய்தி அனுப்பினாள்: நாளைக்கு நான்.

மறுநாள் பனியில் ஆட்டோக்காரரின் முதுகே தெரியவில்லை. ஆறரைக்கு நிலவறையில் செங்கல் நாற்காலியில் இருந்தாள். தாள்களைப் பின் கழற்றி, சலசலக்காமல் இருக்க ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பினாள். பெயர்களை இரண்டு தடவை, எண்களை மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஷ்வேதா விரல்களை மடக்கினாள். மூன்று, இரண்டு, ஒன்று.

"வணக்கம். செய்திகள். வாசிப்பது காந்திமதி."

அதே நேரம் லக்ஷ்மிபாய் நகரில் ஜ்யோத்ஸ்னா கைபேசியைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்து ஒலியைக் கூட்டினாள். "டிராஃபிக் சொல்லுவா அப்பா. கேட்டுட்டுக் கிளம்புங்கோ."

காமாக்ஷி உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாக்கியத்தில் கரண்டி நின்றது. மகளைப் பார்த்தாள். மகள் கூரையைப் பார்த்தாள். உப்புமா அடிப்பிடித்தது.

நிலவறையில் மூன்றாவது நிமிஷம், ஷ்வேதா ஓடிவந்து தன் கைபேசியை மேஜை மேல் சறுக்கிவிட்டாள். புதுச் செய்தி, முழுக்க இந்தியில் இருந்தது. தமிழில் எழுதித் தர ஷ்வேதாவுக்குத் தெரியாது, வேறு ஆளும் இல்லை. காந்திமதி வாயால் வானிலையை வாசித்துக்கொண்டே கண்ணால் இந்தியைப் படித்தாள். காய்கறிக்காரனிடம் இந்தியில் கேட்டுக் கொழுந்தனாரிடம் தமிழில் சொல்லிப் பழகியவளுக்கு அது பெரிய வித்தையில்லை. வானிலை முடிந்த இடத்தில் மூச்சு எடுத்து, தடுமாறாமல் தொடர்ந்தாள்.

"இப்போது கிடைத்த செய்தி. குடியரசு தின ஒத்திகைக்காக இந்தியா கேட் சுற்றுவட்டாரச் சாலைகள் காலை ஏழரை முதல் மூடப்படுகின்றன. ஷாஜஹான் ரோடு பக்கம் செல்வோர் மெட்ரோவில் கான் மார்க்கெட்டில் இறங்கி நடந்து செல்வது நல்லது."

"ஐயையோ!" என்றார் சந்திரமௌலி. வாசலில் டாக்ஸி நின்றிருந்தது. அதை அனுப்பிவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு ஐ.என்.ஏ. மெட்ரோவுக்கு ஓடினார். லாஜ்பத் நகரில் ரயில் மாறி, கான் மார்க்கெட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய், அர்விந்த் எட்டு நாற்பதுக்கு உள்ளே நுழைந்துவிட்டான்.

ஏப்ரலில் பட்டியல் வந்தது. அர்விந்தின் பெயர் இருந்தது.

ராத்திரி பகலாகப் படித்தவன் அர்விந்த். ஆனால் சந்திரமௌலி பெருமையைப் பிரித்துக் கொடுத்தபோது அவனுக்கு மூன்றாவது இடம்தான் கிடைத்தது. முதலிடம் குருபகவானுக்கு. இரண்டாமிடம் ஏழு மணிக் குரலுக்கு.

"என்ன மங்களமான குரல்! கிளம்பற நேரத்துல லக்ஷ்மி வந்து வழி சொன்னாப்ல இருந்துது" என்று மாடிக்கு மாடி சொன்னார். வீட்டில் வேறு ஒன்றும் சேர்த்துச் சொன்னார். "காமு, பேரைக் கவனிச்சியோ? நம்ம மன்னி பேருதான். ஒரே பேரு. ஒருத்தி குரலைக் கேட்டாக் காரியம் ஜெயிக்கறது, இன்னொருத்தியைப் பார்த்தா டயர் பஞ்சராறது. எல்லாம் ஜாதகம்!"

காமாக்ஷி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு பால் பொங்குவதைப் பார்க்கப் போனாள். அடுப்பில் பாலே இல்லை.

ஒரே கூரையின் கீழ் வசிப்பவர் குரலைக் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்கலாம். பன்னிரண்டு வருஷத்தில் சந்திரமௌலி காதில் விழுந்த மன்னியின் பேச்சு பெரும்பாலும் 'சரி', 'ஆச்சு', 'காபி' என்ற மூன்று சொற்கள். ஏழு மணிச் செய்தியில் அந்த மூன்றும் வருவதில்லை.

நாற்காலி காந்திமதிக்குக் கிடைத்திருந்தது. ஜனவரியிலேயே அவள் கொழுந்தனாரிடம் அனுமதி கேட்டிருந்தாள்.

"மௌலி, தினம் கார்த்தால ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போகலாம்னு பாக்கறேன்."

"பேஷா! எட்டரை வரைக்கும் இருந்துட்டு நிதானமா வாங்கோ" என்று அவர் முகம் மலர்ந்தார். தினமும் ஆபீஸுக்குப் புறப்படும் நேரத்தில் வீடு சுத்தம். இப்படியாக அவள் தினம் காலையில் கண்ணில் படாமல் போய், எல்லார் காதிலும் விழுந்தாள். அவரும் ஏழு மணிச் செய்தி கேட்காமல் வாசற்படி தாண்டுவதில்லை.

காமாக்ஷி மட்டும் ஒருநாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "இன்னிக்கு வெளிநாட்டுச் செய்தியைக் கொஞ்சம் வேகமாப் படிச்சுட்டேள் மன்னி."

காந்திமதி கத்தியை வைத்தாள். "எப்போலேர்ந்து தெரியும்?"

"உப்புமா கருகின நாள்லேர்ந்து. டிபனை நான் பாத்துக்கறேன். நீங்க மெதுவாப் படிங்கோ."

நொய்டா சம்பந்தம் கூடி வந்தது. ஜூனில் நிச்சயதார்த்தம், ராமகிருஷ்ணபுரத்தில் ஒரு மண்டபம். சம்பந்தியும் ஏழு மணிச் செய்தி கேட்கிறவர் என்று தெரிந்ததும் சந்திரமௌலிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அம்மாளையே மேடையில் ஏற்றி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கச் சொல்வது என்று தீர்மானித்து, வானொலிக்குத் தொலைபேசி போட்டார். ஷ்வேதா மறுநாள் கேட்டுச் சொன்னாள். "வருவாங்க அங்கிள்."

அன்றே அவர் பத்திரிகையில் அச்சடித்துவிட்டார்: நிகழ்ச்சித் தொகுப்பு, வானொலிப் புகழ் திருமதி காந்திமதி. அத்தனை உறவுக்கும் அனுப்பியாயிற்று. நாலு நாள் முன்னால், அழைத்து வரக் கார் அனுப்புவதற்காக விலாசம் கேட்டார். விலாசம் கைபேசியில் வந்தது. பார்த்துவிட்டு மறுபடி ஷ்வேதாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என்னோட விலாசத்தையே எனக்கு அனுப்பியிருக்கியே!"

"உங்க விலாசம் எனக்கு எப்படித் தெரியும் அங்கிள்? அது எங்க ஆன்ட்டி விலாசம்."

சந்திரமௌலி கூடத்தின் நடுவில் நின்றார். சமையலறையில் காந்திமதி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த வாசலில் வந்து நின்றார். 

"மன்னி... 'செய்திகள்'னு சொல்லுங்கோ."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "செய்திகள். வாசிப்பது காந்திமதி."

அவர் நாற்காலி தேடி உட்கார்ந்தார். அன்று ராப்பொழுது சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு வந்தார். இருபத்தெட்டு வருஷம் அமைச்சகத்தில் கோப்பு பார்த்தவர். இக்கட்டு எதுவானாலும் குறிப்பு எழுதித் தீர்த்துவிடுவார்.

"மன்னி, ஒரு யோசனை. மேடைக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு. ஏசி ரூம். மைக்குக்கு நீளமா ஒயர் போட்டுடலாம். நீங்க அங்க சௌகரியமா உக்காந்துண்டு பேசுங்கோ. குரலும் வந்தாச்சு, சாஸ்திரத்துக்கும் பங்கமில்லே."

காமாக்ஷி "ஏன்னா!" என்றாள். அந்த வீட்டில் அந்தச் சொல் அவ்வளவு உரக்க ஒலித்ததில்லை.

காந்திமதி கையைத் துடைத்துக்கொண்டாள். "குரல் மட்டும் போறும்னா கார்த்தால ஏழு மணிக்கு வரும் மௌலி, கேட்டுக்கோ. மண்டபத்துக்குக் கூப்பிட்டா நான்தான் வருவேன்."

"இல்லே மன்னி, நல்ல காரியம்..."

"வேண்டாம்னா வேண்டாம். இப்பவே சொல்லிடு. அன்னிக்குச் சாயங்காலச் செய்தி படிக்க ஆள் வேணுமாம், நான் படிச்சுக்கறேன்."

"பெரிம்மா மேடையில இல்லேன்னா" என்று உள்ளறையிலிருந்து ஜ்யோத்ஸ்னாவின் குரல் வந்தது, "நானும் அந்த ஏசி ரூம்லயே இருக்கேன்ப்பா. எனக்கும் ஒயர் போட்டுடுங்கோ."

அச்சடித்ததை அழிக்க முடியாது. சம்பந்தியிடம் பெருமை அடித்ததைத் திரும்ப வாங்க முடியாது. சந்திரமௌலி சரி என்றார். கூடவே தாழ்ந்த குரலில் ஒரு வேண்டுகோளும் வைத்தார். "ரேடியோவிலேர்ந்து வந்திருக்கான்னு மட்டும் சொல்லிக்கறேனே? உறவெல்லாம் வேண்டாமே? நம்ம பக்கத்து மனுஷாளையும் நான் அடக்கி வெச்சுடறேன்."

காந்திமதி அடுப்பைப் பார்க்கப் போனாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நிச்சயதார்த்தத்தன்று அரக்குக் கரை போட்ட பழுப்புப் பட்டுப்புடவையில் அவள் மண்டபத்தின் முன்வாசல் வழியாக நுழைந்தாள். சந்திரமௌலி ஓடிவந்து, "வாங்கோ வாங்கோ, நமஸ்காரம்!" என்று கை கூப்பினார். அவள் அந்த வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து அவர் அவளை வாசலில் நின்று வரவேற்றது இதுவே முதல் தடவை. "இவாதான்! நம்ம ஏழு மணிக் குரல்!" என்று சம்பந்திகளிடம் காட்டினார். சம்பந்தியம்மாள் சியாமளா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களைப் பாக்கணும்னு எத்தனை நாளா ஆசை தெரியுமா! எங்காத்துல உங்க குரல்தான் சுப்ரபாதம். மொதல்ல உங்களுக்குத்தான்" என்று வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ வைத்த தட்டை எடுத்து நீட்டினாள்.

சந்திரமௌலி தரப்பு உறவுகள் ஒரே நேரத்தில் விசிறியையும் கைபேசியையும் பார்த்தார்கள். சந்திரமௌலிக்கு வேர்த்தது.

"ஒரு நிமிஷம் மாமி" என்றாள் காந்திமதி. "நான் மேடையில ஒண்ணு சொல்லிட்டு வரேன். அப்பறமும் உங்களுக்குக் குடுக்கணும்னு தோணினா வாங்கிக்கறேன்."

மேடையேறினாள். ஒலிவாங்கியை ஒரு சாண் தூரத்துக்குக் கிட்டே இழுத்தாள். கூட்டத்தில் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, முன்வரிசையில் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்துகொண்டாள். தட்டோடு நின்ற சியாமளாவை.

"அனைவருக்கும் வணக்கம். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவது காந்திமதி. பெண்ணின் பெரியம்மா. பெண்ணின் அப்பா சந்திரமௌலிக்கு அண்ணாவான, காலஞ்சென்ற ஜெயராமின் மனைவி."

வாக்கியத்தின் கடைசிச் சொல்வரை குரல் விழவில்லை.

நேரலையில் மூன்று விநாடி மௌனம் என்றால் நிலையமே பதறும். காந்திமதி ஐந்து விநாடி விட்டாள். அந்த ஐந்து விநாடியில் மண்டபத்தில் நானூறு கண்கள் ஒரு தட்டைப் பார்த்தன. சியாமளா தட்டைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், பிறகு 'நேத்து வரைக்கும் சுப்ரபாதமா இருந்துதே' என்று எதையோ கணக்குப் போடுகிறவள் போலத் தன் கணவரைப் பார்த்தாள். அவர் பஞ்சாங்கத்தைத் தேடினார். சந்திரமௌலியின் வலது கால், எதற்கென்று தெரியாமல், தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி நின்றிருந்தது.

தட்டு எந்தப் பக்கம் போகும் என்று காந்திமதி காத்திருக்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

"முதலாவதாக, லக்னப் பத்திரிகை" என்று அறிவித்துவிட்டு, தாளைச் சலசலக்காமல் எடுத்தாள்.